காயப்போட்ட மெத்தைக்கு ஒரு திருத்தம்

தம்பி,

வீட்டில் உன்னைக் கூப்பிடுவது போலவே இங்கேயும் கூப்பிடுகிறேன். உன் பெயரை அச்சில் போடவில்லை, என் பெயரும் இல்லை. ஆனால் சிலிபினில் நம் தெருவில் இருப்பவர்களுக்கு மூன்றாவது பத்தியிலேயே இது யார் வீட்டு விஷயம் என்று தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் தபாலில் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். பத்திரிகைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு செய்தியைத் தவறாகப் போட்டுவிட்டால், அது எந்தப் பக்கத்தில் வந்ததோ அந்தப் பக்கத்திலேயே திருத்தமும் வரவேண்டும். முதல் பக்கத்தில் ஒருவன் மானத்தை வாங்கிவிட்டு, எட்டாம் பக்கத்து மூலையில் வருந்துகிறோம் என்று போடுவது யோக்கியமான வேலை அல்ல. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் பல வருடம் சொல்லியிருக்கிறேன். உன் விஷயத்தில் நான் செய்த தவறு தெருவில் நடந்தது. அதனால் திருத்தமும் தெருவுக்கு வருகிறது.

போன மாதம் உன் புது வீட்டைப் பார்க்க அம்மாவும் நானும் தைப்பிங் வந்திருந்தோம். மலையடிவாரத்தில் சரிவில் கட்டிய வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தளம், பின்பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு. நீ படி இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்க் கீழறையைக் காட்டினாய். ரோட்டுப் பக்கத்துச் சுவர் முழுக்க மண்ணுக்குள் இருந்தது. எதிர்ச்சுவரில் மட்டும் ஒரு ஜன்னல். "இதாம்பா பிள்ளைக்கு. மத்தியானம்கூட குளுகுளுன்னு இருக்கும்லா," என்றாய். பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும் பிள்ளைக்கு அதற்குள் சுவரில் வெளிர்நீலச் சாயம் அடித்திருந்தாய். நான் சுவரில் கையை வைத்தேன். நீ என் கையைப் பார்த்தாய். இப்படி ஒரு கீழறையில் நீயும் படுத்திருக்கிறாய் என்பது உனக்கும் எனக்கும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை நீ குளிக்கப் போயிருந்தபோது மருமகள் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டாள். "மாமா, உங்க மகன் காலையில எழுந்ததும் மொத வேலையா என்ன செய்வாரு தெரியுமா? மெத்தைய உள்ளங்கையால தடவிப் பாப்பாரு. மூக்குக் கண்ணாடி தொலைச்சவரு மாதிரி ஒரு மூலை விடமாட்டாரு. கேட்டா சிரிச்சிட்டுப் போயிடுவாரு. இப்ப பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியே ரப்பர் துணி நாலு வாங்கி அடுக்கிட்டாரு. எங்க பரம்பரையில இது இருக்கு, சீக்கிரத்துல போகாதுங்குறாரு. உண்மையா மாமா?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். பதினைந்து வருடமாக அந்தப் பார்வையை அவள் அவ்வப்போது பார்த்து வருகிறாள். நான் கோப்பியைக் குடித்து, "சீனி கொஞ்சம் தூக்கல்மா," என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிற அதிகாரிகளை நாற்பது வருடம் விரட்டிப் பிடித்தவன் நான். அன்று அவர்களில் ஒருவனைப் போல உட்கார்ந்திருந்தேன். மருமகளே, நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பதில் நீளம், பொறுத்துக்கொள்.

சிலிபின் வீட்டை நான் வாங்கியபோது தம்பிக்கு ஏழு வயது. அதுவும் சரிவில் கட்டிய வீடுதான். வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்கும், கீழறைக்கு உள்ளே படி இறங்கவேண்டும். கட்டியவன் விஷயம் தெரிந்தவன். வீட்டின் முன்சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்தில் ஆழமான கால்வாய் விட்டிருந்தான். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் அதில் விழுந்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கச் சரிவில் இறங்கிப் போய்விடும். அந்தக் கால்வாய் எதற்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் ஒரு கால்வாய் ஓடும். அரிசி கழுவிய தண்ணீர், பிள்ளை கழுவிய தண்ணீர் எல்லாம் அதில் போகும். அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். பத்திரிகையில் வேலை கிடைத்து, டவுனில் சொந்த வீடு வாங்கி, அந்த வீட்டு வாசலிலும் ஒரு லோங்காங் சாக்கடை ஓடினால், நான் லயத்தை விட்டு வெளியே வரவே இல்லை என்று பட்டது. குடிவந்த மூன்றாம் மாதம் செம்மண் கொட்டி அதை மூடினேன். முற்றத்துக்குச் சிமெண்டு போட்டேன். சுவரை ஒட்டி ஒரு பாத்தி விட்டு அதில் காகிதப்பூச் செடி வைத்தேன். கூரையிலிருந்து வரும் குழாய் அந்தப் பாத்தியில் விழுந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. தெருவிலேயே நம் வீட்டுக் காகிதப்பூதான் செழித்து நின்றது.

அடுத்த வருட மழைக்காலத்தில் கீழறைச் சுவரில் வரைபடம் போலக் கறை படர்ந்தது. சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது. நான் மூடிய கால்வாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. சுவரில் ஈரம் என்றால் சுவருக்குத்தான் வியாதி என்று நினைத்தேன். தம்பி, உன் தாய்மாமா அப்போது தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தார். "மச்சான், எதுக்குச் சாயம்? ரப்பர் பால் இருக்கு. ஒரு பூச்சு பூசுங்க, எலிகூட உள்ள வராது," என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் நிறையக் கொண்டுவந்தார். பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருப்பார்கள். தோட்டத்தில் பிறந்த எங்கள் இருவருக்கும் அந்த வாடை பழக்கம். ஒழுகும் வாளிக்கும், ஓட்டைச் செருப்புக்கும், கிழிந்த பந்துக்கும் ரப்பர் பால் தடவி வளர்ந்தவர்கள் நாங்கள். சுவருக்கும் தடவினோம். மூன்று பூச்சு. சுவர் மஞ்சளாகப் பளபளத்தது. கறை மறைந்தது. என்னை நானே பாராட்டிக்கொண்டேன். அந்தச் சுவரை ஒட்டி, வெறும் சிமெண்டுத் தரையில், உன் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டேன். கட்டில் பிறகு வாங்கலாம் என்றேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. தனி அறை கிடைத்த சந்தோஷத்தில் அன்று மாலை நாலு தடவை படியில் ஏறி இறங்கினாய்.

இனி நடந்ததை நான் ஒரு செய்தி போல எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் என்னால் எழுத முடியும். நவம்பர் மாதம் ஒரு காலை. இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு வெயில். உன்னை எழுப்ப நான் கீழே வந்தேன். அறையில் மூத்திர வாடை போல ஒரு வாடை. மெத்தையைத் தூக்கினேன், ஈரம். "என்னடா இது?" என்றேன். நீ தூக்கக் கலக்கத்தில் எழுந்து நின்று, "தெரியலப்பா," என்றாய். பிறகு உன் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்து, "அப்பா, நான் இல்லப்பா. காஞ்சிருக்கு பாருங்க," என்றாய். நான் பார்க்கவில்லை. "மாத்திட்டு வந்து பொய் வேற சொல்றியா?" என்று கேட்டேன். மெத்தையைச் சுருட்டி உன் தலையில் வைத்து, படி ஏறவைத்து, வாசல் கம்பிக் கதவின் மேல் காயப்போட வைத்தேன். கதவுக்கு எதிரே பஸ் நிறுத்தம். உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "யாரு, தம்பியா? இவ்வளவு பெரிய பையனா?" என்றார். நான், "ஆமாக்கா, வெக்கம் வந்தாத்தான் நிக்கும்," என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அன்று நீ பள்ளிக்கூடம் போய் வந்தபோது உனக்குப் புதுப்பெயர் வந்திருந்தது. சுங்கை. மலாய் மொழியில் ஓடுகிற ஆறு என்று அர்த்தம். தைப்பிங்கில் உன்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. சிலிபினில் சிலருக்கு இன்றும் தெரியும்.

உன் அம்மா அன்றே சொன்னாள். மெத்தையைத் திருப்பிப் போட்டுத் தடவிப் பார்த்தவள் அவள்தான். "மேல காஞ்சிருக்குங்க, அடியிலதான் நனைஞ்சிருக்கு. புள்ள மேலேர்ந்து பெஞ்சா அடி மட்டும் எப்படி நனையும்? வாடையும் அது வாடை இல்ல. உங்க மச்சான் கொண்டாந்த பாலு வாடை." தம்பி, இதைவிடத் தெளிவான சாட்சி என் தொழிலில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு விபத்துச் செய்திக்கு நாலு பேரை விசாரிக்காமல் எழுதாதவன், என் வீட்டில் இரண்டு பேர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. "உடம்புச் சூட்டுல மேல காஞ்சிருக்கும். நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதே," என்றேன்.

அந்த மழைக்காலத்தில் மூன்று முறை மெத்தை வாசலுக்கு வந்தது. முதல் முறை நீ இல்லை என்றாய். இரண்டாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மன்னிச்சிருங்கப்பா, இனிமே செய்யமாட்டேன்," என்றாய். செய்யாததை ஒப்புக்கொண்டவர்களைப் பற்றி நீதிமன்றச் செய்திகளில் நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன். நீ ஒப்புக்கொண்டதும் எனக்கு மனசு லேசாயிற்று, வழக்கு முடிந்தது என்று. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு நீ தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதைப் பார்த்தேன். நல்ல பழக்கம் என்று நினைத்தேன். பிறகு அம்மா என்னைக் கேட்காமல் உன் படுக்கையை மேலே கூடத்துக்கு மாற்றினாள். அதோடு நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? ஆனால் நான் உன் மாமாவிடம் சொன்னேன்: "பாத்தியா, தெருவுல தொங்கவிட்டதும் நின்னுபோச்சு." நீ அப்போது பக்கத்தில் இருந்தாய். நீயும் அதை நம்பினாய். சாரணர் முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாய். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாரும் தூங்கும் கூடத்தில் நீ மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினாய். காரணம் எனக்குத் தெரியும். தெரியாதவன் போல இருந்தேன்.

நான் உண்மையைத் தெரிந்துகொண்டது நாலு வருடம் கழித்து. ஞாயிறு மலரில் வீட்டுப் பராமரிப்புப் பகுதிக்குச் சுவர் ஈரத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஆ லெக் என்ற பழைய சீனக் கொத்தனாரைத் தேடிப் போனேன். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஆ லெக் பேசியது சுத்தமான தோட்டத்துத் தமிழ். "சார், தண்ணி சுவத்துக்குள்ள முளைக்காதுலா. வெளியேர்ந்துதான் வருது. அது எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம உள்ள பூசிக்கிட்டே இருந்தா, தண்ணி எங்க போவும்? கீழ எறங்கித் தரையில வரும்," என்றார். உள்ளே என்னதான் பூசலாம் என்று கேட்டேன். ரப்பர் பால் பூசலாமா என்று சேர்த்துக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சுருட்டு விழுந்தது. "ரப்பர் பாலா? அய்யோ சார், அது யாரு அவ்வளவு கெட்டிக்காரன்?" நான், "ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார்," என்றேன். "அந்த ஆளு வீட்டுக்குப் போயி மொதல்ல அந்தத் தோல உரிக்கச் சொல்லுங்க. உள்ள குளமே கட்டியிருக்கும். நாத்தம் வேற, மாட்டுக் கொட்டாய் மாதிரி அடிக்கும்," என்றார்.

அவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். கைக்குட்டை அளவு பிளாஸ்டிக் துண்டை எடுத்து, நாலு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டிவிட வேண்டும். தரையில் இன்னொன்று. இரண்டு நாள் விடவேண்டும். பிளாஸ்டிக்கின் நம் பக்கத்தில் வியர்த்திருந்தால், ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. குளிர்ந்த சுவரில் வெளிக்காற்று பட்டு வியர்க்கிறது, காற்றோட்டம் போதவில்லை. சுவர்ப் பக்கத்தில் வியர்த்திருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது. அந்த வாரம் நீ பள்ளி விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தாய். கீழறையில் அப்போது என் பழைய பத்திரிகைக் கட்டுகள்தான் இருந்தன. அடிக்கட்டுகள் கறுத்துக் கூழாகியிருந்தன. தரையில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்குக் கீழே, இரண்டு நாளில், விரலால் பெயர் எழுதலாம் போல ஈரம். சுவரில் ரப்பர் தோல் ஓரிடத்தில் வயிறு போல உப்பியிருந்தது. சவரக் கத்தியால் கீறினேன். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கூடவே அந்த வாடை. நவம்பர் மாதக் காலையில் நான் உன் மேல் சுமத்திய அதே வாடை.

அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. "அவன் வந்ததும் சொல்லிடுங்க," என்றாள். "சொல்றேன்," என்றேன். நீ வருவதற்குள் செடியைப் பிடுங்கி, மண்ணை அள்ளி, கால்வாயைத் திறந்துவிட்டேன். தெருவில் கேட்டவர்களிடம் செடிக்கு எறும்பு வந்துவிட்டது என்றேன். நீ வந்து, "காகிதப்பூ எங்கப்பா?" என்று கேட்டாய். உன்னிடமும் எறும்பு என்றேன். கட்டுரை வெளிவந்தது. பாகான் செராயிலிருந்துகூட வாசகர்கள் எழுதினார்கள், தங்கள் வீட்டுச் சுவர் காய்ந்துவிட்டது என்று நன்றி சொல்லி. அந்தக் கடிதங்களை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய்.

ஆகவே தம்பி, ஊருக்கு எழுதியதை இப்போது உனக்கு எழுதுகிறேன். உன் தைப்பிங் வீட்டை நான் வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தேன். நடப்பதற்காகப் போகிறேன் என்று சொன்னது பொய். ரோட்டுப் பக்கம் சுவரை ஒட்டி மண் மேடாகக் குவிந்திருக்கிறது. முற்றம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. கூரைக் குழாய் சுவரடியில் முடிகிறது. நீ இருப்பதோ நாட்டிலேயே மழை அதிகமான ஊர். முதலில் அந்த மண்ணை எடு. சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி தரையைச் சாய்த்துப் போடு. கூரைக் குழாயை நீட்டி, வீட்டைச் சுற்றிப் போகும் கால்வாயில் விடு. கால்வாய் அடைத்திருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்னால் நீயே கை விட்டுப் பார். சுவருக்குத் தார் பூசுவதானால் மண்ணை அகற்றி வெளிப்பக்கத்தில் பூச வேண்டும். உள்ளே எதையும் பூசாதே, அந்த நீலச் சாயமும் நிற்காது. மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்துவைத்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். வெயில் ஏறிய பிறகு திறந்து, எதிரே கதவையும் திற. துணியை அந்த அறையில் உலர்த்தாதே. அலமாரியோ தொட்டிலோ எதுவாக இருந்தாலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், தரையைத் தொடாமல் காலில் நிற்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு பிளாஸ்டிக் துண்டை ஒட்டிப் பார். ஒரு முழு மழைக்காலம் காய்ந்திருந்தால் மட்டும் பிள்ளையை அங்கே படுக்கவை. அதுவரை மேலே உங்கள் அறையிலேயே இருக்கட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தக் காலையில் உன்னை நான் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பாமல் போனேன் என்று நீ கேட்டதில்லை. நான் பத்து வயது வரை படுக்கையை நனைத்தவன். எங்கள் லயத்தில் நனைத்த பிள்ளையின் பாயை அவன் தலையிலேயே வைத்துத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடக்க விடுவார்கள். நான் நடந்திருக்கிறேன். உன் அம்மாவைத் தவிர இது யாருக்கும் தெரியாது. உன் மெத்தையைத் தொட்டபோது, என்னிடமிருந்து உனக்கு வந்துவிட்டது என்று பயந்தேன். அந்தப் பயத்தில் எனக்குச் செய்ததையே உனக்குச் செய்தேன். கால்வாயை மூடியவனால் பாயை விட முடியவில்லை.

இதை எழுதி முடித்ததும் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "ஒரு தப்பு இருக்கு," என்றாள். "மூணு தடவைன்னு போட்டிருக்கீங்க. அஞ்சு தடவை." நான் மூன்றுதான் என்றேன். "நீங்க போட வெச்சது மூணு. நீங்க வெள்ளனவே வேலைக்குப் போயிட்ட ரெண்டு நாளு, யாரும் சொல்லாமலே அவனே தூக்கிட்டுப் போயி கம்பிக் கதவுமேல போட்டான். நான் வேணாம்னு இழுத்தேன். விடுங்கம்மா, அப்பா வந்தா கேப்பாருன்னான்."

மேலே மூன்று என்று எழுதியதை நான் மாற்றவில்லை. தவறு இருந்த இடத்தில் இருக்கட்டும்.

திருத்தம்: சிலிபினில் ஒரு வீட்டு வாசலில் ஐந்து முறை காயப்போடப்பட்ட மெத்தையை அந்த வீட்டுப் பையன் நனைத்ததாகச் சொல்லப்பட்டது. அது தவறு. நனைத்தது மழைத்தண்ணீர். அதை அங்கே திருப்பிவிட்டது அவன் அப்பா. பையன் ஒரு முறைகூட நனைத்ததில்லை. ரப்பர் துணி நாலையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்பா